பச்சையாக ஒரு வாந்தி, முரண்படும் இரண்டு ஸ்கேன்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகர் பக்கம் இருக்கிறோம். எங்கள் முதல் பிள்ளைக்கு இப்போது ஏழு வாரம். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்தான். ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு முறை பச்சையாக வாந்தி எடுத்தான். உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, எங்கள் அம்மா தெரிந்த ஒருவரை அழைத்து வந்து உரம் எடுக்க வைத்தார்கள். விடிவதற்குள் சரியாகிவிட்டது. ஐந்தாவது வாரத்தில் பால் கக்குவது அதிகமானதால் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஸ்கேனுக்கு அனுப்பினார். "பைலோரஸ் இயல்பு. எஸ்.எம்.வி., எஸ்.எம்.ஏ.வுக்கு இடப்பக்கம் உள்ளது. மால்ரொட்டேஷன் இருக்கலாம். கான்ட்ராஸ்ட் பரிசோதனை தேவை" என்று ரிப்போர்ட் வந்தது. பயந்துபோய் வேறோர் இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். அதில் "வயிறு இயல்பு" என்று இருக்கிறது. எதை நம்புவது? குழந்தை இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான். ஒரு வயதில் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுப்பது ஆபத்தில்லையா? கர்ப்பத்தில் அத்தனை ஸ்கேன் எடுத்தோமே, அப்போது ஏன் தெரியவில்லை?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததுமே, அதில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். இந்த மாதிரிக் கேள்விக்கு அச்சில் பதில் வரும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது. நாளைக் காலையிலேயே குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போங்கள் என்று சொன்னேன், நீங்களும் சரி என்றீர்கள். போனில் அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும், இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்குத் தெரியவேண்டியதையும் இங்கே எழுதுகிறேன். நான் புதுச்சேரியில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர், கத்தி எடுப்பவன் கிடையாது. அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதைக் கடைசியில் உங்கள் சர்ஜன்தான் முடிவு செய்வார்.

நீங்கள் இரண்டு ஸ்கேனைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ ஒன்பதாம் நாள் ராத்திரிதான் கண்ணை உறுத்துகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றே நாங்கள் முதலில் நினைப்போம். இல்லை என்று நிரூபிக்கும்வரை அந்த நினைப்பிலேயே வேலை செய்வோம். அப்படி வரும் எல்லாக் குழந்தைக்கும் முறுக்கு இருக்காது. பலருக்குக் கிருமித் தொற்றாகவோ வேறு ஏதாவதாகவோ முடியும். ஆனால் முறுக்கு இருக்கும் அந்தச் சிலரைச் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால், சிறுகுடல் முழுவதும் ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகலாம். அதனால்தான் இத்தனை கெடுபிடி.

நிறத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். பித்தநீர், இரைப்பையைத் தாண்டி டியோடினம் என்ற முன்சிறுகுடலில்தான் வந்து கலக்கிறது. அடைப்பு அதற்கு மேலே இருந்தால் வாந்தி பாலாகவோ தயிராகவோதான் வரும். அதற்குக் கீழே அடைத்தால் பித்தம் மேலேறிப் பச்சையாக வரும். மசித்த முருங்கைக்கீரை போன்ற பச்சை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. வெளிறிய மஞ்சளில்தான் தகராறு. சீம்பால் குடிக்கும் குழந்தை மஞ்சளாகக் கக்குவதும் உண்டு, பித்தமே ஆரம்பத்தில் மஞ்சளாகத் தெரிவதும் உண்டு. "மஞ்சளா பச்சையா?" என்று டாக்டர் கேட்டால் அம்மா ஒன்று சொல்வார், பாட்டி ஒன்று சொல்வார். அதனால் வாந்தி பட்ட துணியைத் துவைத்துப் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். பகல் வெளிச்சத்திலோ நல்ல விளக்கிலோ செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பாதி ராத்திரியில் குழந்தையைப் பார்க்கும் டாக்டருக்கு அந்தத் துணி, நீங்கள் வாயால் சொல்லும் நாலு வாக்கியத்தைவிடப் பெரிய உதவி.

அப்புறம், உரம் எடுத்த விஷயம். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் வசம்பு உரசித்தான் கொடுத்தார்கள். சும்மா அழுகிற குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டினால் அது களைத்துத் தூங்கிவிடும், பெரும்பாலும் கெடுதல் ஒன்றும் வராது. பச்சை வாந்தி எடுத்த குழந்தையிடம் மட்டும் அந்த வேலை வேண்டாம். உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது, ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர் எல்லாமே நேரத்தைத் தின்னும். வயிற்றில் மேலும் மேலும் எதையாவது ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. அன்றைக்கு உருட்டியதால் சரியானது என்று அம்மா நம்புவார். நம்பட்டும். ஆனால் கருவில் குடல் சரியாகச் சுழன்று அமையாத மால்ரொட்டேஷன் என்ற குறை உள்ள குழந்தைக்குக் குடல் பாதி முறுக்கிக்கொண்டு, பிறகு தானாகவே அவிழ்ந்துகொள்வதும் நடக்கும். உங்கள் மகனுக்கு நடந்தது அதுதானா என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நடந்திருக்கலாம் என்ற சந்தேகமே நாளைக்குக் கிளம்பப் போதுமான காரணம்.

இந்த மால்ரொட்டேஷன் என்ன? கரு ஆறு வார அளவில் இருக்கும்போது அதன் குடல் வேகமாக நீள்கிறது. வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் இறங்குகிறது. பத்தாவது வார வாக்கில் வயிற்றுக்குள் திரும்பிவிடுகிறது. இதற்கிடையில் எஸ்.எம்.ஏ. என்ற ரத்தக்குழாயை அச்சாக வைத்து 270 டிகிரி சுழன்று முடிக்கிறது. பிறகு ஒரு முனை வயிற்றின் இடது மேற்புறத்திலும், மறுமுனை குடல்வால் இருக்கும் வலது கீழ்ப்புறத்திலும் ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டு முனைக்கும் நடுவே உள்ள அகலமான பிடிமானத்தால்தான் நம் குடல் முறுக்கிக்கொள்வதில்லை. சுழற்சி பாதியில் நின்றுவிட்டால் இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பிடிமானம் குறுகிவிடும். சிறுகுடல் முழுவதும் ஒரு ஒல்லிக் காம்பில் தொங்கும் நிலை. ரத்தக்குழாய்கள் போவதும் அந்தக் காம்பு வழியாகத்தான், அதனால் அது முறுக்கினால் உணவுப் பாதையும் ரத்த ஓட்டமும் சேர்ந்தே அடைபடும். ஐந்நூறு பிறப்புக்கு ஒன்றில் இந்தக் குறைபாடு இருப்பதாகப் பாடப்புத்தகங்களில் போட்டிருக்கும். அதில் பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். தொந்தரவு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிறந்த முதல் மாதத்திலேயே வருகிறது.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஸ்கேனில் நாங்கள் குடலைத் தேடுவதைவிட, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைத் தேடுவதுதான் அதிகம். ஏனென்றால் காற்று அல்ட்ராசவுண்டுக்கு எதிரி. அழுது அழுது காற்றை விழுங்கிய குழந்தையின் வயிற்றில் குடல் ஒரு வெள்ளைப் புகையாகத்தான் தெரியும். நாங்கள் அவசரப்படாமல், ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கி, குழந்தையை அம்மா மடியிலேயே வைத்து, மேலோட்டமான உறுப்புகளைத் துல்லியமாகக் காட்டும் சின்ன புரோபை (உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை) எடுத்து, தொப்புளுக்கு மேலே குறுக்காக வைப்போம். மெதுவாக அழுத்தினால் காற்று இரண்டு பக்கமும் ஒதுங்கும். முதுகெலும்புக்கு முன்னால் பெருந்தமனி துடிப்பது தெரியும். அதற்கு முன்னால், சுற்றிலும் வெள்ளை வளையம் போட்ட ஒரு சின்ன வட்டம் தெரியும், அதுதான் எஸ்.எம்.ஏ. அதன் வலப்பக்கத்தில் கொஞ்சம் பெரிய வட்டமாக எஸ்.எம்.வி. இருக்க வேண்டும். எஸ்.எம்.ஏ. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, எஸ்.எம்.வி. திருப்பிக் கொண்டுவரும் சிரை.

உங்கள் முதல் ரிப்போர்ட்டில் இந்த ஜோடி இடம் மாறியிருக்கிறது. குடல் சுழலும்போது இந்தக் குழாய்களும் கூடவே சுழல்வதால், இவை இடம் மாறியிருந்தால் குடலின் சுழற்சியிலும் கோளாறு இருக்கலாம் என்று ஊகிக்கிறோம். இது ஊகம்தான். மால்ரொட்டேஷன் உறுதியான குழந்தைகளிலேயே கணிசமான பேருக்கு இந்த ஜோடி சரியான இடத்தில்தான் இருக்கும். எந்தக் கோளாறும் இல்லாத சிலருக்கு மாறியும் இருக்கும். ஆகவே இதை வைத்து மட்டும் "இருக்கிறது" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. முதலில் பார்த்தவர் "இருக்கலாம், மேற்கொண்டு பாருங்கள்" என்று எழுதியது முறையான ரிப்போர்ட். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து வாரக் குழந்தை பாலாகக் கக்குகிறது என்றால், உங்கள் குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டது பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்ற வேறு நோயை. இரைப்பையின் வாசலில் உள்ள தசை தடித்துப்போய்ப் பாலை முன்னே விடாது. அந்தத் தசை 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக, பால் தாராளமாகக் கடந்து போனால், அந்தக் கேள்வி முடிந்தது. பலர் அதோடு புரோபை எடுத்துவிடுவார்கள். இவர் வாந்தி எடுக்கும் குழந்தை என்பதால் இன்னும் இரண்டு விரல் கீழே இறங்கி ரத்தக்குழாயையும் பார்த்திருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள்.

ரத்தக்குழாய் ஜோடியைவிட வலுவான அடையாளம் ஒன்று உண்டு. புரோபை அதே இடத்தில் குறுக்காக வைத்து மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே வந்தால், முறுக்கிய குடலில் எஸ்.எம்.வி.யும் அதைச் சுற்றியுள்ள குடலும், எஸ்.எம்.ஏ.வை நடுவில் வைத்துக் கடிகார முள் சுற்றும் திசையில் சுருண்டு சுருண்டு போவது திரையில் தெரியும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டால் சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சுழலும். இதற்கு நீர்ச்சுழி அடையாளம் என்று பெயர். 1992இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பிராக்ரோஸும் அவருடைய குழுவினரும் இதை விவரித்து எழுதினார்கள். ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது. இது தெளிவாகத் தெரிந்து, குழந்தையும் பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், பல மையங்களில், மருந்து கொடுத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் கான்ட்ராஸ்ட் பரிசோதனைக்குக்கூட நேரம் செலவிடாமல் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். முறுக்கைக் கண்டுபிடிப்பதில், கைதேர்ந்தவர் பார்த்தால் ஸ்கேனின் திறன் 90 சதவீதத்துக்கு மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை. மயக்கம் வேண்டாம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் இன்குபேட்டர் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். இதனால்தான் பச்சை வாந்திக்கு முதலில் ஸ்கேன் பார்ப்போம் என்ற பழக்கம் இப்போது பரவி வருகிறது. அது நல்ல பழக்கம் என்பதே என் கருத்தும்.

ஆனால் இந்தச் சுழி, குடல் முறுக்கியிருக்கும்போதுதான் தெரியும். உங்கள் மகன் சிரித்துக்கொண்டு பால் குடிக்கும் நாளில் ஸ்கேன் எடுத்தால் சுழி இருக்காது. "சுழி இல்லை" என்றால் இந்த நிமிடம் முறுக்கு இல்லை என்று அர்த்தம். முறுக்கிக்கொள்ளக்கூடிய குடலா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்கும் ஸ்கேனில் ஓரளவு பதில் தேடலாம். டியோடினத்தின் மூன்றாவது பகுதி, பெருந்தமனிக்கும் எஸ்.எம்.ஏ.வுக்கும் நடுவே புகுந்து வலமிருந்து இடமாகக் கடக்க வேண்டும். சுழற்சி சரியாக முடிந்திருந்தால்தான் அது அந்த இடுக்கில் இருக்கும். குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணீரோ பாலோ கொடுத்து, அது டியோடினத்தில் ஓடும்போது தொடர்ந்து பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். அந்த இடுக்கில் அது கடப்பது தெளிவாகத் தெரிந்தால் மால்ரொட்டேஷனுக்கு வாய்ப்பு மிகவும் குறைவு. இதற்கும் விதிவிலக்குகள் பதிவாகியிருக்கின்றன, அதனால் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். காற்று மறைத்து இது தெரியாமலே போவதும் அடிக்கடி நடக்கும். அப்போது "பார்க்க முடியவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பார்க்க முடியாததை இயல்பு என்று எழுதக் கூடாது. இது எங்கள் ஆட்களுக்குச் சொல்வது, நீங்கள் காதில் போட்டுக்கொண்டால் போதும்.

சரி, இரண்டாவது ஸ்கேன் ஏன் "இயல்பு" என்று சொன்னது? அந்த ரிப்போர்ட்டை எடுத்து ஒரு தடவை படியுங்கள். கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பை என்று வரிசையாக எழுதியிருக்கும். எஸ்.எம்.ஏ., எஸ்.எம்.வி., டியோடினம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? நீங்கள் போனில் படித்துக் காட்டியதில் இல்லை. சீட்டில் "வயிறு ஸ்கேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், எல்லோருக்கும் பார்க்கும் உறுப்புகளைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. முதல் ரிப்போர்ட்டை நீங்கள் காட்டியிருந்தால் கதை வேறு. காட்டவில்லை என்றீர்கள். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். முன்னால் வந்ததைச் சொல்லாமல் புதிதாகப் பார்த்தால்தான் உண்மை வரும் என்று நினைக்கிறார்கள். ஸ்கேனில் அது பலிக்காது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அங்கே போய்த் தேட முடியும். நம் ஊர்களில் ஸ்கேன் சென்டர்களில் பாதிக்கு மேல் கர்ப்பிணிகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். பச்சிளங்குழந்தையின் குடலை அடிக்கடி பார்க்கும் கை எல்லா இடத்திலும் கிடைக்காது. எனவே இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஒன்று சந்தேகத்தைச் சொல்கிறது, மற்றது அந்தச் சந்தேகத்தைத் தொடவே இல்லை. மூன்றாவதாக இன்னொரு சென்டருக்கு ஓட வேண்டாம். குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில், அவர்களுடைய ரேடியாலஜி பிரிவிலேயே மறுபடி பார்க்கட்டும். சீட்டில் "ஒன்பதாம் நாள் பச்சை வாந்தி, முந்தைய ஸ்கேனில் ரத்தக்குழாய் இடமாற்றம், மால்ரொட்டேஷனா என்று பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

கான்ட்ராஸ்ட் பரிசோதனை பற்றிய பயத்துக்கு வருவோம். எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு திரவத்தைக் குழந்தைக்குப் பாட்டிலிலோ மெல்லிய டியூப் வழியாகவோ கொடுத்து, அது இரைப்பையைத் தாண்டி டியோடினத்தில் வளைந்து போவதை ஃப்ளோரோஸ்கோபி என்ற ஓடும் எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். டியோடினம் முடிந்து அடுத்த குடல் தொடங்கும் முனை, முதுகெலும்பின் இடப்பக்கத்தில், இரைப்பை வாசலின் உயரத்துக்கு ஏறி நிற்க வேண்டும். அது நடுவிலோ வலப்பக்கத்திலோ தாழ்வாகவோ இருந்தால் மால்ரொட்டேஷன். திருகுச் சுருள் மாதிரி இறங்கினால் முறுக்கு. இந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளாக நம்பப்படும் பரிசோதனை இதுதான். சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் தண்ணீரில் கரையும், உடலுக்கு உறுத்தல் குறைந்த மருந்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கதிர்வீச்சு இருக்கிறது, மறுக்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர்கள் எக்ஸ்ரேயை இடையிடையே மட்டும் ஆன் செய்து, தேவையான சில நொடிகளை மட்டும் பதிவு செய்வார்கள், அளவு குறைவாகவே இருக்கும். பச்சை வாந்தி வந்த ஒரு குழந்தைக்கு அந்த அளவு கதிர்வீச்சை நினைத்து நான் தயங்கவே மாட்டேன். யாராவது நேராக சி.டி. ஸ்கேன் எடுக்கலாம் என்றால் மட்டும், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த வயதில் இந்தக் கேள்விக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. கான்ட்ராஸ்ட் பரிசோதனையும் தவறே செய்யாத ஒன்று கிடையாது. வயிறு உப்பியிருந்தாலோ உள்ளே டியூப் கிடந்தாலோ அந்த முனை தள்ளிப்போய்ப் பார்ப்பவரை ஏமாற்றும். அதனால்தான் ஸ்கேன், கான்ட்ராஸ்ட், குழந்தையின் நிலை மூன்றையும் சேர்த்து வைத்து சர்ஜன் முடிவெடுக்கிறார். சாதாரண எக்ஸ்ரே ஒன்று நன்றாக இருக்கிறது என்று யாராவது தைரியம் சொன்னால் அதை மட்டும் நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். முறுக்கு இருக்கும்போதே சாதாரண எக்ஸ்ரே இயல்பாக இருந்த குழந்தைகள் உண்டு.

ஒரு வயதுவரை காத்திருக்கலாமா? வேண்டாம். திருவந்திபுரம் எங்கும் போய்விடாது, மொட்டையை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு மால்ரொட்டேஷன் உறுதியானால், தொந்தரவு இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சை செய்துவிடுவதே நல்லது என்பதுதான் பெரும்பாலான சர்ஜன்களின் நிலை. உங்கள் மகனுக்கோ ஒரு முறை தொந்தரவு வந்தே விட்டது. பெரியவர்களுக்குத் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதில்தான் மருத்துவர்களுக்குள் விவாதம் இருக்கிறது. அந்த விவாதத்தை ஏழு வாரக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

எங்கே போவது என்றால், உங்களுக்குப் பக்கம் புதுச்சேரிதான். கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் குழந்தை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. வழியில் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலைத் தாண்டி ஊரின் அந்தப் பக்கம் போக வேண்டும் என்பதால், காலை ஓ.பி.க்குச் சீக்கிரமே கிளம்புங்கள். இரண்டு ஸ்கேனின் ரிப்போர்ட்டோடு படங்களையும் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. பிறப்பு விவர அட்டை, தடுப்பூசி அட்டை, காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். காப்பீட்டு அட்டை கைக்கு வரட்டும் என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாளைக்குள்ளோ அதற்குப் பிறகோ மறுபடி பச்சையாக ஒரு முறை வாந்தி வந்தாலும், வயிறு உப்பினாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், குழந்தை துவண்டு வெளிறிப்போனாலும், ஓ.பி. நேரம் பார்க்காதீர்கள். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அவர்கள் மூக்கு வழியாக டியூப் போட்டு வயிற்றைக் காலியாக்கி, டிரிப் ஏற்றி, குழந்தையைத் தேற்றி அனுப்புவார்கள். அந்த முதலுதவியோடு போகும் குழந்தைக்கும் வெறும் கையோடு போகும் குழந்தைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வழியில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சூடு குறையாமல் போர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் "குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று தொடங்காமல், "பச்சையாக வாந்தி எடுத்தான், ஸ்கேனில் மால்ரொட்டேஷன் சந்தேகம் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த அவசரப் பிரிவிலும் ஆட்கள் எழுந்து வருவார்கள்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதன் பெயர் லாட் சிகிச்சை. பாஸ்டன் நகரத்து சர்ஜன் வில்லியம் லாட் 1936இல் எழுதிய முறை, இன்றும் அடிப்படை அதுதான். முறுக்கு இருந்தால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் அவிழ்ப்பார்கள். டியோடினத்தின் மேல் குறுக்கே ஓடி அழுத்தும் பட்டைகளை வெட்டுவார்கள். குறுகிய காம்பை அகலப்படுத்துவார்கள். குடல்வாலை எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அது இனி வயிற்றின் இடப்பக்கத்தில் இருக்கும், பின்னாளில் வீங்கினால் யாரும் அங்கே சந்தேகப்பட மாட்டார்கள். கவனித்தீர்களா, குடலை மற்றவர்களுக்கு இருப்பதுபோல் மாற்றி அமைப்பதில்லை. சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்துவிடுவார்கள், மறுபடி முறுக்கும் வாய்ப்பு அப்போது வெகுவாகக் குறைந்துவிடும். இதனால் வருங்காலத்தில் எப்போது ஸ்கேன் எடுத்தாலும் "எஸ்.எம்.வி. இடப்பக்கம், மால்ரொட்டேஷன் இருக்கலாம்" என்று ரிப்போர்ட் வரக்கூடும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயந்து இரவெல்லாம் தூங்காத ஒரு பெற்றோரை எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிவிட்டு ஸ்கேனுக்குப் படுத்தால் அந்தக் குழப்பம் வராது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் பச்சை வாந்தி வந்தால் அலட்சியம் கூடாது. குடல் உள்ளே ஒட்டிக்கொள்வதால் அடைப்பு வரலாம், அபூர்வமாக மறுபடி முறுக்கவும் செய்யலாம்.

கர்ப்பத்தில் ஏன் தெரியவில்லை என்று கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பார்த்தவர்கள் மேல் தவறில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் கருவின் இதயம், மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம், வயிற்றுச் சுவர் எல்லாம் பார்ப்பார்கள். குடல் எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது என்பது அந்த வயதில் தெரிவதில்லை, அடைப்போ முறுக்கோ ஏற்பட்டுக் குடல் வீங்கினால்தான் ஏதாவது தெரியும். உதரவிதான ஓட்டை, வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே இருப்பது போன்ற குறைகள் கருவிலேயே தெரிந்தால், கூடவே மால்ரொட்டேஷனும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று உங்கள் மனைவி போனில் கேட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்ததாக அபூர்வமாகச் சில பதிவுகள் உண்டு, பெரும்பாலும் வருவதில்லை. அதற்காகக் கர்ப்பத்தில் தனியாக எந்த ஸ்கேனும் தேவையில்லை. பெரியவனுக்கு உறுதியானால், அடுத்த பிரசவத்தின்போது குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லி வையுங்கள்.